யெட்டாவின் பல்லுக்கு முன்னால் நரம்பு நிற்காது

2017 மே மாதம். ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே வார்ம்டோ தீவில் நாணல் சூழ்ந்த ஒரு சின்னக் குடா, இரவு எட்டு மணியாகியும் வெயில் போகவில்லை. கையில் ஒரு மெல்லிய ஸ்பின்னிங் ராட், ரீலில் 0.25 மி.மீ. நைலான் நரம்பு, அதன் நுனியில் நேராக முடிச்சுப் போட்ட சிவப்பு வெள்ளை ஸ்பூன், கரண்டி வடிவ உலோக இரை. ஏழாவதோ எட்டாவதோ வீச்சில் நாணல் ஓரத்தில் ஒரு வெட்டு இழுப்பு, பச்சையும் மஞ்சளுமாகப் பக்கவாட்டில் ஒரு புரளல், ஸ்வீடனில் யெட்டா என்று சொல்கிற பைக் மீன், அவ்வளவுதான். சுருட்டினேன், நரம்பு காற்றில் ஆடிக்கொண்டு வந்தது. நுனியைப் பார்த்தால் பிளேடு வைத்து அறுத்தது போலச் சுத்தமாக இருந்தது.

ஸ்பூன் போனது பெரிதில்லை. அது எண்பது குரோனர். ஆனால் அந்த ஸ்பூனின் பின்னால் மூன்று முள் கொண்ட கொக்கி ஒன்று இருந்தது, அது அந்த மீனின் வாயில் இருந்தது, அதை அங்கே வைத்தவன் நான். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. தூண்டிலுக்கு எந்த நூல், எந்தக் கம்பி, எந்த முடிச்சு என்று இத்தனை வருடம் நான் மெனக்கெடுவதற்குக் காரணம் பெரிய மீன் பிடிக்கும் ஆசையைவிட அந்த ஒரு இரவுதான்.

நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன். மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தக்கை, மண்புழு, இதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை. கெண்டையும் கெளுத்தியும் நரம்பை அறுப்பதில்லை. விரால் பாய்ந்து கடிக்கிற மீன்தான், பல்லும் உண்டு, ஆனாலும் நரம்பு தாங்கிவிடும். அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்ததுதான் தவறு. பைக் மீனும் விரால் மாதிரி மறைவில் அசையாமல் கிடந்து பாய்கிற மீன் என்பது வரைக்கும் என் கணக்கு சரி. பல்லில்தான் கணக்கு தப்பியது.

அடுத்த வாரம் இதை எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாவிடம் சொன்னேன். பருத்தித்துறைக்காரர், எண்பதுகளின் நடுவில் ஸ்வீடனுக்கு வந்தவர், அப்பா கடல்தொழில் செய்தவர். என் ராடை வாங்கி நுனியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தம்பி, உதில கம்பி எங்க?" நான் முழித்தேன். "ஊரில சீலாவுக்குக் கம்பி கட்டாம ஆரும் போறவையே? இதுவும் அந்த மாதிரிப் பல்லுத்தான்" என்று சொல்லி, சாப்பாட்டுக்காக எடுத்து வைத்திருந்த ஒரு யெட்டாவின் தலையைக் கொண்டுவந்து வாயைப் பிளந்து காட்டினார். கீழ்த்தாடையின் இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கும் பெரிய கூர்ப்பற்கள். மேல் அண்ணத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிப் பற்கள், எல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கும், விரலை உள்ளே விடலாம், வெளியே இழுத்தால் தோலைக் கிழிக்கும். மேலே இருக்கிறவை இரையைப் பிடித்து வைப்பதற்கு, கீழே இருக்கிறவைதான் வெட்டுகின்றன. மீன் தலையை ஒரு தடவை உதறினால் போதும், இறுகி நிற்கிற நைலானுக்கு அந்தப் பல்லின் ஓரம் பட்டால் அறுந்துவிடும். நரம்பு எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிற கணக்குக்கு அங்கே வேலையே இல்லை.

அதனால் யாராவது புதிதாக யெட்டாவுக்குப் போகிறேன், என்ன வாங்கலாம் என்று கேட்டால் நான் ராடிலிருந்து ஆரம்பிப்பதில்லை. மீன் வாயிலிருந்து பின்னோக்கி வருவேன். முதலில் லீடர், அதாவது இரைக்கும் நூலுக்கும் நடுவில் வருகிற கடி தாங்கும் துண்டு. இதை ஸ்வீடனில் டாஃப்ஸ் என்பார்கள். மூன்று வகைதான் பெரும்பாலும் கடையில் கிடைக்கும்: எஃகுக் கம்பி, டைட்டானியம், தடித்த ஃப்ளூரோகார்பன்.

எஃகில் ஏழு புரி கொண்ட கம்பியும் இருக்கிறது, நாற்பத்தொன்பது மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பியும் இருக்கிறது. முதலாவது விறைப்பு, இரண்டாவது கிட்டத்தட்ட நூல் மாதிரி வளையும், சின்ன இரையின் ஆட்டத்தைக் கெடுக்காது. ஆனால் நாற்பத்தொன்பது இழைக் கம்பி ஒரு நல்ல மீனுக்குப் பிறகு சுருண்டு போகும், ஒரு இழை பிரிந்தால் அடுத்தடுத்து பிரியும். அதை ஒரு நாள் பொருளாக வைத்துக்கொண்டு, வீட்டில் நானே கிரிம்ப், அதாவது கம்பியை நசுக்கிப் பிடிக்கிற குட்டிக் குழாய், போட்டு பத்துப் பதினைந்து செய்து வைத்துக்கொள்கிறேன், செலவும் குறைவு. டைட்டானியம் மடங்காது, சுருளாது, ஒரே துண்டு ஒரு பருவம் முழுக்க வரும். விலை அதிகம். அதில் ஒரு குணம் தெரிந்திருக்க வேண்டும்: எஃகு போல இழை பிரிந்து முன்கூட்டியே எச்சரிக்காது, வளைந்து வளைந்து களைத்துப்போய் ஒரு நாள் திடீரென்று ஒடியும். எனக்கு அப்படி ஒன்று ஸ்னாப்புக்கு, அதாவது இரையை மாட்டுகிற குட்டிக் கொளுவிக்கு, பக்கத்தில் ஒடிந்தது, நல்லவேளை வீசும்போது, மீன் இருக்கும்போது இல்லை. அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, தேய்ந்ததோ இல்லையோ, டைட்டானியத்தை மாற்றிவிடுகிறேன்.

ஃப்ளூரோகார்பன் பற்றி இங்கே தூண்டில்காரர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். அதனால் தண்ணீருக்குள் நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் யெட்டாவுக்குத் தேவைப்படும் 0.90 அல்லது 1.00 மி.மீ. தடிமனில் அதை யாரும் மறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அதன் உண்மையான பயன் வேறு. அது விறைப்பானது, கல்லிலும் பாறையிலும் உரசினால் தாங்கும், பெரிய ஜெர்க்பெய்ட் இரை பக்கவாட்டில் சறுக்கித் திரும்பும்போது கொக்கி லீடரில் மாட்டாது. சரி, ஆனால் 0.60 மி.மீ. போட்டால் போதும் என்று நினைத்து நான் ஒரு தடவை ஏமாந்தேன். மேலாரன் ஏரியில் பெர்ச் மீனுக்காகப் போட்டிருந்த லீடர் அது, யெட்டா ஒன்று வந்து கடித்தது, இரண்டு உதறலில் போய்விட்டது. இரண்டாவது மீன் என் கொக்கியோடு போன நாள் அது. பெர்ச்சுக்குப் போகும்போதும் யெட்டா இருக்கிற தண்ணீர் என்றால் இப்போது மெல்லிய டைட்டானியம்தான். பெர்ச் கடிப்பது கொஞ்சம் குறையும் என்கிறார்கள், குறைந்தால் குறையட்டும்.

என் தீர்ப்பு இது: 40 கிராமுக்குக் குறைந்த ஸ்பூன், சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர், மீன் வடிவத்தில் ஆடி வருகிற சின்ன வாப்ளர் எல்லாவற்றுக்கும் கம்பி. பெரிய ரப்பர் மீனுக்கும் ஜெர்க்பெய்ட்டுக்கும் 1.00 மி.மீ. ஃப்ளூரோகார்பன், அதையும் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் தடவிப் பார்த்து, கீறல் தட்டுப்பட்டால் உடனே மாற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாவற்றுக்கும் கம்பியே போடுங்கள், மீனுக்கு நல்லது. நீளம் 30 செ.மீ.க்குக் குறையவே கூடாது. யெட்டா சண்டையில் உருளும், உருளும்போது லீடர் அதன் தலையைச் சுற்றி வரும், குட்டையாக இருந்தால் பின்னல் நூல் செவுளிலும் பல்லிலும் போய் உட்காரும். பெரிய இரைக்கு நான் 50, 60 செ.மீ. வைக்கிறேன்.

லீடர் நுனியில் வருகிற ஸ்னாப்பை யாரும் கவனிப்பதில்லை. கடையில் ஆயத்தமாக விற்கிற மலிவான லீடரில் கம்பி பலமாக இருக்கும், ஸ்னாப் பாதுகாப்பு ஊசி போல விரலாலேயே விரியும். இரையோடு வருகிற வளையமும் அப்படித்தான், மீன் உருளும்போது நெம்புகோல் மாதிரித் திருகிப் பிளந்துவிடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு ஒன்று எல்லாத் தமிழர் வீட்டிலும் இருக்குமே, 23 கிலோ தாண்டிவிட்டதா என்று வியர்க்க வியர்க்கப் பார்ப்போமே, அதுதான் என் பரிசோதனைக் கூடம். பால்கனிக் கம்பியில் ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் தராசை மாட்டி, தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மெதுவாக இழுப்பேன். எது எத்தனை கிலோவில் விட்டுக்கொடுக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன்.

அந்த நோட்டில் முதல் பக்கமே எனக்குப் பெரிய பாடம். 20 கிலோ என்று அச்சிட்ட 0.28 மி.மீ. பின்னல் நூல், ஊரில் நரம்புக்குப் போடுகிற சுற்று முடிச்சில் 6 கிலோவில் வழுக்கி அவிழ்ந்தது. அறுந்துகூடப் போகவில்லை, அப்படியே உருவிக்கொண்டு வந்தது. அதே நூல் பலோமார் முடிச்சில் 14 கிலோவுக்கு மேல் நின்றது. காரணம் நூலின் பொருள்தான். இந்தப் பின்னல் நூலெல்லாம் பாலிஎத்திலீன் இழை, டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் மேற்பரப்பு மெழுகு மாதிரி வழுக்கும், நைலான் போலத் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளாது. அதனால் முடிச்சில் நூல் இரட்டையாக வர வேண்டும், அல்லது சுற்று அதிகமாக வேண்டும். பலோமாரில் நூல் வளையத்துக்குள் இரண்டு மடிப்பாகப் போகிறது, இருட்டிலும் விறைத்த கையோடும் போட முடிகிறது. எனக்கு அது போதும். இறுக்கும் முன்னால் எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும்.

இனி பிரதான நூல். நைலானா, பின்னல் நூலா என்ற கேள்விக்கே யெட்டா விஷயத்தில் இப்போது இடமில்லை என்று நினைக்கிறேன். நைலான் நன்றாக இழுத்தால் கால் பங்கு வரைக்கும் நீளும். முப்பது மீட்டருக்கு அப்பால் மீன் கடிக்கும்போது நீங்கள் ராடை வெட்டி இழுக்கிற விசையெல்லாம் அந்த நீட்சியிலேயே கரைந்துவிடும், எலும்பு போன்ற அந்த வாயில் கொக்கி இறங்காது. பின்னல் நூல் மூன்று நான்கு சதவீதம்தான் நீளும். இரை பாசியைத் தொட்டால் தெரியும், மீன் பின்னால் வந்து இரையை மோதித் திரும்பினால் அதுவும் கைக்குத் தெரியும்.

தடிமன் பற்றித்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், நானும் இரண்டு வருடம் குழம்பினேன். 0.15 மி.மீ. நூலே 8, 10 கிலோ தாங்குகிறதே, யெட்டா ஒரு மீட்டர் நீளமானால்கூட 7, 8 கிலோதானே, தண்ணீருக்குள் அந்த எடையும் தெரியாதே, பின் எதற்கு 0.28 என்று நானும் கேட்டேன். கடையில் இருந்த பையனும் மெல்லிய நூல்தான் தூரம் போகும் என்று சொல்லி விற்றான். போனது. 60 கிராம் ரப்பர் மீனை முழு பலத்தோடு வீசினேன், ரீலின் வளையம் வீச்சின் நடுவில் தானாக மூடிக்கொண்டது, பட்டென்று ஒரு சத்தம், நூலில்லாமல் அந்த இரை மட்டும் குடாவின் நடுவில் போய் விழுந்தது. தடித்த நூல் தேவைப்படுவது மீனின் எடைக்காக இல்லை. வீச்சில் வருகிற திடீர் அதிர்ச்சிக்காக. கல்லில், சிப்பியில், நாணல் வேரில் உரசுவதற்காக. அடியில் மாட்டிக்கொண்டால் கொக்கியை நிமிர்த்தியாவது இரையைத் திரும்ப எடுப்பதற்காக. மெல்லிய நூல் இன்னொன்றும் செய்யும்: மாட்டியதை இழுத்து விடுவித்தபின் ரீலில் அடிச் சுற்றுகளுக்குள் புதைந்துவிடும், அடுத்த வீச்சில் அங்கே சிக்கி நிற்கும், மறுபடியும் பட்.

அறுந்து தண்ணீரில் கிடக்கிற இரை அங்கேயே சும்மா கிடப்பதில்லை. மிதக்கிற வாப்ளர் என்றால் நீர்ப்பறவை வந்து மாட்டும்.

இப்போது நான் போடுவது இது: ஸ்பின்னிங் ரீலில் 0.20 முதல் 0.23 மி.மீ., 20 முதல் 50 கிராம் இரைகளுக்கு. பெரிய இரை வீசுகிற, ஸ்பூலைக் கட்டை விரலால் அடக்குகிற பெய்ட்காஸ்டிங் ரீலில் 0.30க்குக் குறைவதில்லை, பலர் 0.36 வரைக்கும் போகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கிற விட்டத்தை அப்படியே நம்ப வேண்டாம், பின்னல் நூல் தட்டையாகவும் இருக்கும், உண்மையில் தடித்தும் இருக்கும், ஒரு நிறுவனத்தின் 0.20 இன்னொன்றின் 0.26 ஆக இருக்கலாம். கையில் வாங்கி உருட்டிப் பாருங்கள். நான்கு புரி நூல் கரடுமுரடு, வளையங்களில் சத்தம் போடும், ஆனால் ஒவ்வொரு புரியும் தடிமனாக இருப்பதால் உரசலைத் தாங்கும். எட்டுப் புரி வழவழப்பு, தூரம் போகும், விலை கூடுதல். பாறைக் கரையிலிருந்து வீசுகிறவர்களுக்கு நான் நான்கு புரியைத்தான் சொல்வேன், படகில் போகிறவர்கள் எட்டுக்குப் போகலாம். நிறம் மஞ்சளோ வெளிர்பச்சையோ, உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது கடி விழுந்தால் கைக்கு வராது, நூல் தண்ணீர்ப் பரப்பில் ஒரு துள்ளு துள்ளும், அதைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

ரீலில் சுற்றும்போது இரண்டு விஷயம். பின்னல் நூலை நேராக வெறும் உலோகத்தில் சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும், டிராக், அதாவது மீன் இழுத்தால் நூலை வழுக்கி விடுகிற ரீலின் பிரேக், கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். அடியில் பத்துப் பதினைந்து சுற்று நைலான் போட்டு அதன் மேல் கட்டுங்கள். அப்புறம் ஈரத் துணியால் நூலைப் பிடித்துக்கொண்டு இறுக்கமாகச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே புதையும். ஆறு மாதத்துக்குப் பிறகு முன்பக்கம் வெளுத்துப் பஞ்சு கிளம்பியிருக்கும், அப்போது எல்லாவற்றையும் உருவி அடியிலிருந்ததை மேலே வரும்படி திருப்பிச் சுற்றினால் இன்னொரு பருவம் வரும்.

ராட், ரீல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பணம் போகும், மீன் போகாது. ராடில் எழுதியிருக்கிற கிராம் கணக்கு இரையின் மொத்த எடைக்கு, ரப்பர் மீனும் அதற்குள் இருக்கிற ஈயத்தலையும் சேர்ந்தது. 20 முதல் 60 கிராம் என்று போட்ட எட்டடி ராட் ஒன்றும் 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்றும் இருந்தால் கரையிலிருந்து யெட்டாவுக்குத் தேவையான முக்கால்வாசி வேலை ஆகிவிடும். 60 கிராமுக்கு மேல் நாள் முழுக்க வீச வேண்டும் என்றால்தான் பெய்ட்காஸ்டிங். அதில் கட்டை விரல் பழகும் வரைக்கும் ஸ்பூலில் நூல் சிக்கிக்கொண்டே இருக்கும். காற்றை எதிர்த்து வீசாமல், கனமான ஸ்பூனில் பழகினால் இரண்டு வாரத்தில் வரும்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய சிவப்பு அம்பாசடர் 5000 ரீலை எனக்குக் கொடுத்தார். தெற்கு ஸ்வீடனில் ஸ்வெங்ஸ்டா என்கிற ஊரில் செய்தது. அபு என்கிற அந்த நிறுவனம் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கி, டாக்ஸி மீட்டர் செய்து, பிறகுதான் ரீலுக்கு வந்தது. கைப்பிடியைச் சுற்றும்போது அந்தக் கடிகாரக்காரர்களின் கை தெரிகிறது. பல்சக்கரத்துக்கு எண்ணெயும் கிரீஸும் போட்டு, நூலை மட்டும் புதிதாகப் போட்டு, இன்றைக்கும் அதில்தான் ஜெர்க்பெய்ட் வீசுகிறேன். புது ரீல் வாங்கப் பணம் போதவில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். ரீலில் மிச்சம் பிடியுங்கள், நூலிலும் லீடரிலும் ஸ்னாப்பிலும் பிடிக்காதீர்கள்.

டிராக் எவ்வளவு இறுக்கலாம் என்றும் கேட்பார்கள். அதே பெட்டித் தராசு. லீடரின் ஸ்னாப்பில் தராசை மாட்டி, ராடைச் சாய்த்துப் பிடித்து, 4 கிலோ காட்டும்போது நூல் வழுக்கி வெளியேறும்படி வைக்கிறேன். தளர்வாக வைத்து மீனை வெகுநேரம் ஓடவிடுவது அழகாக இருக்கும், ஆனால் விடப்போகிற மீனைக் களைத்துச் சாகடிக்கக் கூடாது. தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடான ஜூலை நாட்களில் யெட்டாவுக்கு நான் போவதே இல்லை, சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு, ஓடிக் களைத்த மீன் திரும்பிப் போனாலும் பிழைப்பது கஷ்டம்.

தூண்டிலோடு போகிற வேறு சாமான்களையும் நான் லீடரின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன். ரப்பர் பூசிய, முடிச்சில்லாத பெரிய வலை. ஒரு முழம் நீளமுள்ள குறடு. கொக்கியையே வெட்டுகிற கனமான கட்டர், இது ரொம்ப முக்கியம், ஆழமாக இறங்கிய கொக்கியோடு மல்லுக்கட்டாமல் வெட்டிவிடலாம், பத்து குரோனர் கொக்கிதான் போகும். முட்களின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுகிறேன், நூல் தளராமல் இருந்தால் மீன் ஒன்றும் கூடுதலாகத் தப்புவதில்லை, உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும். மீனைப் பிடிப்பதற்கு ஈரக் கை, செவுள் மூடியின் உள்ஓரமாக விரலை விட்டு, சிவப்புச் செவுளைத் தொடாமல், தாடை சேருமிடம் வரைக்கும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். அண்ணா இதை எனக்குத் தண்ணீருக்குள் வைத்தே சொல்லிக்கொடுத்தார், "மேல தூக்காதையும், அதுக்கு மூச்சு முட்டும்."

குளிர்காலத்தில் ஒரு தொல்லை. பின்னல் நூல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வரும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்தத் தண்ணீர் ராட் வளையங்களில் பனிக்கட்டியாகும். அப்படியே வீசினால் நூல் அடைபட்டு அறுந்துவிடும். ஐந்தாறு வீச்சுக்கு ஒரு முறை ராட் நுனியைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தால் கரையும். நவம்பர் கடைசியில் அப்படிப் பனி பிடிக்கிற நாட்களில் மட்டும் நான் இரையின் எடையைக் குறைத்துக்கொள்கிறேன். அடியில் மாட்டிக்கொண்டால் எந்தக் காலத்திலும் நூலைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், சதையை வெட்டும். ஒரு மரக்குச்சியில் நாலு சுற்று சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ராடை நேராக நீட்டி இழுங்கள்.

சாப்பிடுவது பற்றியும் கேட்பார்கள். ஸ்வீடனில் 1985இலிருந்து கடற்கரையிலும் மேலாரன் உள்ளிட்ட ஐந்து பெரிய ஏரிகளிலும் கைத்தூண்டிலுக்குச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை, ஆனால் எடுத்துப் போவதற்கு அளவு உண்டு. பால்டிக் கரையில் நான் கற்ற காலத்தில் இருந்த விதி, 40 செ.மீ.க்குக் குறைந்ததும் 75 செ.மீ.க்கு மேற்பட்டதும் தண்ணீருக்கே திரும்ப வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்றுதான் என்று இருந்தது. முட்டையிடும் சில குடாக்களுக்கு வசந்தத்தில் தடையும் உண்டு. விதிகள் மாறும், ஒவ்வொரு வருடமும் போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று மீன்தான் எடுப்போம், அறுபது செ.மீ. அளவில். கவைமுள் நிறைய, குழம்பு வைத்தால் குழந்தைகள் சாப்பிட மாட்டார்கள். அண்ணி அதை அவித்து முள்ளெடுத்து, உருளைக்கிழங்கும் மிளகும் சேர்த்து உருட்டி, ரஸ்கு தூளில் புரட்டிப் பொரிக்கிற கட்லட்டுக்கு ஈடில்லை. பெரிய மீன்கள் முட்டை போடுகிற தாய்மீன்கள், இந்தக் கரையின் பல இடங்களில் யெட்டா குறைந்துகொண்டு வருகிறது, அவற்றை விட்டுவிடுவதில் எனக்கு வருத்தமே இல்லை.

போன வருடம் அக்டோபரில் டாலர்யோ பக்கம் அண்ணாவும் நானும் படகில் போயிருந்தோம். காற்று தெற்கிலிருந்து, தண்ணீர் கலங்கல், 80 கிராம் ரப்பர் மீன், அன்றைக்கு மட்டும் அதற்கும் கம்பி லீடர். மதியத்துக்கு மேல் ஒரு மீன் படகுக்கு மிக அருகில் அடித்தது, பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வலைக்கு வந்துவிட்டது. 91 செ.மீ. என் கொக்கி தாடை ஓரத்தில் இருந்தது, கையாலேயே எடுத்துவிட்டேன். ஆனால் வாயின் அடுத்த மூலையில் இன்னொரு கொக்கி. துருப்பிடித்து, சுற்றிலும் சதை வீங்கி, அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய ஃப்ளூரோகார்பன் தொங்கிக்கொண்டிருந்தது. மீன் ஒல்லியாக இருந்தது, அந்த நீளத்துக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை. அண்ணா தலையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டார், நான் கட்டரால் மூன்று முள்ளையும் ஒவ்வொன்றாக வெட்டித் துண்டு துண்டாக எடுத்தேன். விட்டதும் உடனே போகவில்லை. படகின் நிழலில் கொஞ்ச நேரம் நின்று, வாலை ஒரு தடவை அசைத்து இறங்கிவிட்டது.

அந்த ஃப்ளூரோகார்பன் துண்டை விரலில் வைத்து அளந்து பார்த்தேன், 0.50 இருக்கும். நுனியில் அதே சுத்தமான வெட்டு.

நான் என் நூலில் இரண்டு மீட்டர் வெட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, பலோமார் போட்டு, இறுக்கி, அடுத்த வீச்சுக்கு எழுந்தேன். "தம்பி, கம்பியையும் ஒருக்காத் தடவிப் பாரும்" என்றார் அண்ணா. தடவினேன். ஸ்னாப்புக்கு இரண்டு விரல் மேலே ஒரு இழை பிரிந்து விரலில் குத்தியது. உட்கார்ந்து புதியது மாட்டினேன்.